பிடித்தம் போக 280 கிராம்!

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, 'ஊரப்பாக்கமா, அது எங்கே சார் இருக்கு?' என்று யாரும் கேட்பதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே மீன் எங்கே கிடைக்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி. செங்கல்பட்டு லோக்கலில் ஒற்றைக் காலில் நின்று வந்து இறங்குகிற பேச்சிலருக்கு, மீன்காரம்மா எப்போதோ கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்ட சோகம் தெரியும். அவனுக்காகவே பெரிய சூப்பர் மார்க்கெட்களில், நூடுல்ஸுக்குப் பக்கத்து அலமாரியில் டின் மீன் அநாதையாக உட்கார்ந்திருக்கிறது.

நம்மாட்கள் அதைத் தொடுவதில்லை. கேட்டால், 'எப்பவோ செத்த மீன் சார்!' என்பார்கள். மார்க்கெட்டில் ஐஸ் மேலே படுத்திருப்பது மட்டும் என்ன, மூச்சு விட்டுக்கொண்டா இருக்கிறது?

இந்த விஷயத்தில் இலங்கைத் தமிழர்கள் நம்மைவிட விவரம். சுற்றிலும் கடல். ஆனாலும் கப்பலில் வந்து இறங்கிய டின் மீனையும் வீட்டு மனுஷராகச் சேர்த்துக்கொண்டார்கள். செல்லப் பெயர் 'செமன்'. சால்மன் என்ற இங்கிலீஷ் வார்த்தை தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. உள்ளே சால்மன் இருக்காது. பெரும்பாலும் நம்ம பாரைக்குப் பங்காளி முறை ஆகிற ஒரு மீன்தான். சிங்கப்பூர்க் கதை இன்னும் ஜோர். 1892-ல் அங்கே கம்பெனி ஆரம்பித்த க்ளூவே என்ற பிரெஞ்சுக்காரரின் சரக்குக்குச் சேவல்தான் முத்திரை. இன்றைக்கும் 'அயாம் பிராண்ட்' டின்னில் வெளியே சேவல் நிற்கிறது, உள்ளே மத்தி படுத்திருக்கிறது. மலாய் மொழியில் அயாம் என்றால் கோழி!

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் இங்கிலாந்தின் பீட்டர் டுராண்ட். டின்னில் சாப்பாடு அடைக்க 1810-ல் காப்புரிமை வாங்கினார். டின் ஓப்பனருக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை வாங்கியதோ 1858-ல். நடுவில் உளியும் சுத்தியலும்தான். எதிரியோடு சண்டை போடுவதற்கு முன்னால் சிப்பாய் சாப்பாட்டோடு சண்டை போட வேண்டியிருந்தது.

வாங்கும்போது பொடி எழுத்தைப் படியுங்கள். இலங்கைப் பெரிய டின்னில் நெட் வெயிட் 425 கிராம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தண்ணீரை வடித்தால் மீன் 280 கிராம். பி.காம். படித்தவன் புத்தி, உடனே சம்பளச் சீட்டு ஞாபகம் வருகிறது. கிராஸ் 425, பிடித்தம் 145, கைக்கு வருவது 280! விலையை 280-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.

சமையல் சுலபம். டின்னை மூடி சீல் வைத்த பிறகுதான் உள்ளே இருக்கும் மீனைப் பலத்த சூட்டில் வேகவைக்கிறார்கள். அதனால் முள்கூட மெத்தென்று ஆகியிருக்கும், அப்படியே மெல்லலாம். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மிளகாய்த்தூளும் புளியும் விட்டுக் கொதித்ததும் கொஞ்சம் தேங்காய்ப்பால். மீன் கடைசியில்தான். ஐந்து நிமிஷம் போதும். அதற்குமேல் கரண்டி போட்டுக் கிண்டினால் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. டின்னிலேயே உப்பு உண்டு, ருசி பார்த்துப் போடவும். யாழ்ப்பாணத்துக்காரர் இதைப் பாணோடு, அதாவது நம்ம பிரெட்டோடு சாப்பிடுவார். நமக்கு முக்கு கடைப் பரோட்டா!

ஒரே ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். மூடி உப்பியிருந்தாலோ, ஓரம் கசிந்திருந்தாலோ, தள்ளுபடி என்ன, இனாமாகவே கொடுத்தாலும் தொடாதீர்கள். 'ஒரு வாய் ருசி பார்ப்போமே' என்பதும் கூடாது. காற்றில்லாத டின்னுக்குள் வளர்கிற பாட்டுலினம் என்ற கிருமியின் விஷம் ருசியிலும் தெரியாது, வாசனையிலும் தெரியாது. நரம்பைப் பிடித்து மூச்சையே நிறுத்திவிடும். மிச்சம் வைப்பதானால் வேறு பாத்திரத்தில் மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

காலி டின்னைக் கழுவித்தான் குப்பையில் போட வேண்டும். இல்லாவிட்டால் நடுராத்திரி தெருப் பூனைகள் அத்தனையும் உங்கள் வாசலில் மாநாடு போடும். 'சைவம்தான் சார்' என்று சொல்லி வீடு பிடித்தவர்கள் இரண்டு தடவை கழுவவும்.