நீர்நாய்க்கு ரசிகர்கள் உண்டு, நெத்திலிக்கு?

மாலை நேரத்தில் பொங்கோல் முனைப் படகுத்துறைக்குப் போயிருக்கிறீர்களா? தூண்டில் போடுபவர்கள் சிலராவது அங்கு இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரிய மீன். ஆனால் அனுபவசாலிகள் கண் வைத்திருப்பது சின்ன மீன்கள்மீது. நீர்ப்பரப்பில் ஒரு கூட்டம் சடசடவென்று துள்ளினால் தூண்டில் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கீழே ஏதோ துரத்துகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடலில் வேட்டையாடும் உயிரினங்கள் எங்கே கூடும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நெத்திலி, சாளை, சூடை போன்ற இந்தச் சின்ன மீன்கள்தான். நாசி லெமாக் தட்டின் ஓரத்தில் மொறுமொறுவென்று கிடக்கிறதே இக்கான் பிலிஸ், அதுவும் நெத்திலிதான்!

நீரோட்டங்கள் சந்திக்கும் இடங்களில் பிளாங்டன் எனப்படும் மிதவை உயிரிகள் திரளும். அவற்றைத் தின்னச் சின்ன மீன்கள் வரும். தனியாக நீந்தினால் ஆபத்து என்பதால் நெருக்கமாகக் கூட்டம் சேரும். ஒற்றை எதிரியைக் குழப்ப அது உதவும். ஆனால் ஓங்கில்கள் கூட்டமாக வந்து கீழிருந்து விரட்டினால், மீன்கள் மேலே ஏறும். மேலே ஆலாப் பறவைகள் காத்திருக்கும். தமிழகத்து மீனவர்கள் பறவைக் கூட்டத்தைப் பார்த்துப் படகைத் திருப்புவது இதனால்தான். நம் கடலில் கேலோங் அமைத்தவர்கள் இரவில் விளக்கேற்றி நெத்திலியை வரவழைத்தார்கள். பாடப்புத்தகம் இல்லாமலேயே அவர்களுக்கு இந்த அறிவியல் தெரிந்திருந்தது.

அறிவியலாளர்கள் இத்தகைய கடல்களைக் குளவியின் இடுப்புக்கு ஒப்பிடுகிறார்கள். அடியில் பல வகை பிளாங்டன், உச்சியில் பல வகை வேட்டை விலங்குகள், நடுவிலோ ஒருசில வகைச் சின்ன மீன்கள் மட்டும். மேலே போகும் உணவெல்லாம் அந்த ஒடுங்கிய இடுப்பு வழியாகத்தான் போகவேண்டும்.

“கோடிக்கணக்கில் இருக்கும் மீனுக்கு என்ன குறை வந்துவிடும்?” என்று கேட்பீர்கள். பெருவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 1970ல் அங்கு 12 மில்லியன் டன்னுக்கும் அதிகமான நெத்திலி பிடிக்கப்பட்டது. 1972ல் எல் நினோவால் கடல் சூடாக, ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட அந்த மீன்வளம் சரிந்தது. அதை நம்பியிருந்த கடற்பறவைகளும் பெருமளவில் மடிந்தன. உலகின் ஏழு கடற்பகுதிகளில் 14 பறவை இனங்களை ஆராய்ந்து 2011ல் வெளிவந்த ஆய்வு ஒன்று ஓர் எல்லைக்கோட்டைக் காட்டியது. சின்ன மீன்களின் அளவு, அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பறவைகள் வளர்த்தெடுக்கும் குஞ்சுகள் குறைகின்றன.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். பொங்கோல் ஆறும் சிராங்கூன் ஆறும் ஒருகாலத்தில் கடலோடு கலந்தன. 2011ல் அவை நீர்த்தேக்கங்கள் ஆயின. குடிநீர் தேவை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கழிமுகங்களும் கடற்புல் திடல்களும் அலையாத்திக் காடுகளும் மீன்குஞ்சுகளின் தொட்டில்கள். அவை குறையக் குறைய, மிச்சமிருப்பவற்றின் மதிப்பு கூடுகிறது. எதிரே உபின் தீவின் செக் ஜாவாவில் அப்படி ஒரு கடற்புல் திடல் இருக்கிறது. அங்கு மண் நிரப்பும் திட்டம் 2001 டிசம்பரில் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

நீர்நாய் குட்டி போட்டால் நாம் கேமராவோடு ஓடுகிறோம். எனக்கும் நீர்நாய் பிடிக்கும். அது நெத்திலியைத் தேடித் திரிவதில்லை, பெரிய மீனைத்தான் பிடிக்கும். அந்தப் பெரிய மீன் எதைத் தின்று வளர்ந்தது என்றுதான் யாரும் கேட்பதில்லை. நீர்நாய்களை எண்ணும் அதே ஆர்வத்தோடு சின்ன மீன்களையும் ஆண்டுதோறும் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. பள்ளி அறிவியல் மன்றங்களே தொடங்கலாம். ஒரே படகுத்துறை, ஒரே நேரம், வாரம் ஒருமுறை. கூட்டம் தெரிந்ததா, எந்தப் பறவை வந்தது, ஓதம் ஏறியதா இறங்கியதா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். ஓராண்டு கழித்து அந்த நோட்டைப் பார்க்க எனக்கு ஆசை.