திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறோம்

சகோதரிகளே, கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் நாங்கள் இருவரும் ஊர் பார்க்க என்று எங்கும் போனதில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில், அவ்வளவுதான். இந்தத் தடவை கம்பம் பள்ளத்தாக்கு என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

பாடியில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டிக்காரர் "கம்பம் பன்னீர் திராட்சை" என்று கூவி விற்கிறாரே, அதன் சொந்த ஊர் அதுதான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுற்றி மேற்குத் தொடர்ச்சி மலை, கீழே பந்தல் பந்தலாகத் திராட்சை. மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரைப் பென்னிகுயிக் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895-லிருந்து அந்தத் தண்ணீர்தான் பள்ளத்தாக்கை வாழ வைக்கிறது. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

"அந்தத் திராட்சையில வைனும் செய்வாங்களாமே!" என்றார் இவர். எனக்குத் திக்கென்றது. இவர் குடியை விட்டுப் பதினான்கு மாதம்தான் ஆகிறது.

"ஏங்க, வேணாங்க" என்றேன்.

"அளவா குடிச்சா இதயத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?"

பலர் வீட்டில் இந்தப் பேச்சு உண்டு. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது. விட்டவருக்கோ ஒரு வாய் என்பது ஒரு வாயோடு நிற்காது. பயணமே வேண்டாமோ என்று இரண்டு நாள் குழம்பினேன். பிறகு என் பயத்தை அவரிடமே சொன்னேன். சண்டை போடாமல் சொன்னதாலோ என்னவோ, கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில், "லாட்ஜ் வேணாம். சின்னமனூர்ல உங்க சித்தி வீட்லயே தங்கிக்கலாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்ட்ரலிலிருந்து போடிக்கு 2023 ஜூனில் ரயில் விட்டார்கள். தினமும் கிடையாது, நாள் விசாரித்து முன்பதிவு செய்யுங்கள். தேனியில் இறங்கினால் பஸ். சுருளி அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். ராத்திரிக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

ஒரு மூங்கில் கூடை மட்டும் காலியாக வருகிறது. அடியில் வைக்கோல் பரப்பிக்கொண்டால் திரும்பும்போது பழம் நசுங்காது.