கையில் டாலர் இருக்கிறதா?

இடுக்கி மாவட்டம் புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும்போது கணினித் திரையில் ஓடுவது ரூபாய்க் கணக்கு. ஏற்றுமதியாளரின் மனதில் ஓடுவதோ டாலர்க் கணக்கு. சவூதி அரேபியாவுக்குப் போகும் சரக்குக்கு டாலரில் விலை பேசி, பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ரூபாய் எங்கே நிற்கும் என்பது வண்டன்மேட்டுத் தோட்டக்காரருக்கும் தெரியாது, போடிநாயக்கனூர் வியாபாரிக்கும் தெரியாது. (ரிசர்வ் வங்கி கவர்னருக்கே தெரியாது என்பதுதான் உண்மை.)

கரன்சி வர்த்தகம் பழக நினைப்பவர் பாடத்தை இங்கே தொடங்கலாம். வர வேண்டிய தொகை 20,000 டாலர். டாலர் 2 ரூபாய் இறங்கினால் ஏற்றுமதியாளருக்கு 40,000 ரூபாய் நட்டம். அதைத் தடுக்க அவர் பங்குச் சந்தையில் டாலர் முன்பேர ஒப்பந்தம் விற்கலாம். தேசியப் பங்குச் சந்தை இதை 2008 ஆகஸ்ட் 29ஆம் தேதி தொடங்கியது. ஓர் ஒப்பந்தம் 1,000 டாலர். இருபது ஒப்பந்தம் விற்றிருந்தால் சரக்கில் போனது கிட்டத்தட்ட அப்படியே சந்தையில் திரும்பி வரும். டாலர் ஏறினால் சந்தையில் நட்டம், சரக்கில் லாபம். ஆனால் ஒரு சங்கடம்: ஒப்பந்தத்தின் நட்டத்தை அன்றன்றே கட்ட வேண்டும், சரக்கின் லாபமோ மூன்று மாதம் கழித்துத்தான் வரும். கையில் ரொக்கம் இல்லாதவர் இடையிலேயே வெளியேற்றப்படுவார். அப்படிப்பட்டவர் தன் வங்கியிடமே முன்கூட்டி டாலர் விலையை உறுதி செய்துகொள்வது மேல்.

சரி, ஏலக்காயும் இல்லை, டாலரும் இல்லை என்பவர்? 2024 மே 3ஆம் தேதி அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி அவருக்குக் கதவைச் சாத்திவிட்டது. ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருந்தாக வேண்டும். வெறும் ஊகத்துக்கு இடமில்லை.

பாலக்காட்டுப் பக்கம், வாளையாரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ, வளைகுடாப் பணம் வரும் வீட்டுக்கு இந்த வரவு நிஜமாகவே உண்டு. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்று கட்டிப்போடப்பட்டிருப்பதால், டாலர் ஆடினால் மகன் அனுப்பும் பணமும் ஆடும். ஆனாலும் வந்த மாதமே செலவாகிவிடும் பணத்துக்கு ஒப்பந்தம் எதற்கு?

கதவு சாத்தப்பட்டவரைத் தேடித்தான் கைபேசிச் செயலிகள் வருகின்றன. 5,000 ரூபாய் கட்டினால் 5 லட்சத்துக்கு வர்த்தகம் செய்யலாம் என்பார்கள். நூறு மடங்கு என்பதன் பொருள், விலை ஒரு சதவீதம் எதிர்த்திசையில் நகர்ந்தால் 5,000 ரூபாயும் காலி. முதலில் திரையில் காட்டும் லாபம் வெறும் எண். எடுக்கப் போகும்போதுதான் 'வரி கட்டுங்கள்' என்ற புதிய கோரிக்கை கிளம்பும். வெளிநாட்டுத் தளத்துக்கு மார்ஜின் பணம் அனுப்ப, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்திலும் அனுமதி இல்லை. அனுப்பியவர் மீதே அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டம் பாயலாம். ஏமாந்தவர் புகார் சொல்லத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தயங்கக் கூடாது, இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு.

அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களுடன் வெளியிட்டது. பிறகு அது நீண்டுகொண்டே போயிற்று. பட்டியலில் பெயர் இல்லாததே அனுமதி ஆகிவிடாது என்று வங்கியே சொல்லியிருக்கிறது. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் தனியாக இருக்கிறது. பார்க்க வேண்டியது அதைத்தான்.