தன்பதிவேட்டில் ஒரு வரி



அப்பா இறந்தபின், அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓர் அரசு அலுவலகத்துக்கு ஏழு மாதம் அலைந்தோம். “பார்க்கிறோம்” என்பதே பதில். புதிதாக வந்த இளநிலை உதவியாளர், பிரிவுக்கு வந்த மனுக்களைப் பதியும் தன்பதிவேட்டைப் புரட்டி, வரிவரியாக விரலை ஓட்டி, எங்கள் மனுவின் பதிவு எண்ணைக் கண்டுபிடித்தார். “அப்பாவோட பணிப்பதிவேட்டுல அம்மா பேரு வேற மாதிரி இருக்குங்க. சான்று குடுத்தா இன்னைக்கே குறிப்பெழுதி மேலே வெச்சிடறேன்” என்றார். சொன்னபடியே செய்தார்.

வந்த தபாலை அன்றே பதிவது, உரிய விதியைத் தேடி எடுப்பது, அதிகாரி முடிவெடுக்கத் தோதாகத் தெளிவான தமிழில் குறிப்பெழுதுவது, பதில் வராவிட்டால் நினைவூட்டுவது, முடிந்த கோப்பைப் பதிவறைக்கு அனுப்புவது என இளநிலை உதவியாளர் செய்யும் அத்தனையும் பொறுப்பும் பயிற்சியும் கேட்கும் வேலைகள்.

தொகுதி 4 தேர்வில் வென்று இளநிலை உதவியாளராக வருவோருக்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி உண்டு. ஆனாலும் சேர்ந்த அன்றே ஒரு பிரிவைத் தலையில் கட்டாமல், முதல் மாதம் அனுபவமுள்ள உதவியாளர் பக்கத்தில் அமர்த்திப் பழக்க வேண்டும். மாறுதலில் போகிறவர் நிலுவைப் பட்டியலைக் கையெழுத்திட்டு ஒப்படைக்கிறாரா என்பதை அதிகாரிகள் கண்டிப்புடன் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால், ஒரு குடும்பத்தின் சோற்றுக்கே வழியில்லாமல் போகிறது.

– ஒரு வாசகி, ஈரோடு.