சாவிக்கொத்தும் பேட்டரி மேல் பழியும்

பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், நம் மூலக்குளம் பக்கம் பானட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "சார், பேட்டரி போச்சு." மாற்றியும் ஓடாவிட்டால் செல்ஃப் மோட்டார். இக்னிஷன் சுவிட்ச் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த வழக்கத்தைக் காசு கொடுத்து வளர்ப்பது நாம்தான்.

ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதா? பேட்டரி மேல் சந்தேகம் குறைவு. சாவியை ஆன் செய்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். டேஷ்போர்டு விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தால் சந்தேகம் சுவிட்ச் மேல்தான். உறுதி செய்ய ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். சுவிட்சுக்கு வரும் ஒயரில் எரிந்து, சாவியைத் திருப்பியும் வெளியே போகும் ஒயரில் எரியவில்லையா? கோளாறு அங்கேதான். பல வண்டிகளில் பூட்டின் பின்னால் உள்ள மின்பகுதியை மட்டும் மாற்றலாம். முழு லாக் செட்டை ஏன் தலையில் கட்டுகிறார்கள்?

காசோடு போனால் பரவாயில்லை. ஓடும்போது சுவிட்ச் விட்டுவிட்டால் எஞ்சின் நிற்கும், பவர் ஸ்டீயரிங் இறுகும், ஏர்பேக் விரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். சாவிக்கொத்தின் கனத்திலேயே சுவிட்ச் நழுவியது. 124 சாவுகளுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். பழுது பார்க்கும்வரை கார் சாவியைத் தனியாக வைக்கச் சொன்னார்கள்.

நம்மவர்கள் கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, போதாததற்குப் பித்தளைப் பிள்ளையார்! அவரைப் பூஜை அறைக்கு அனுப்புங்கள். டெஸ்ட் லேம்ப் இல்லாத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.