பாலைவனப் புதருக்குப் பல்லக்கு, பந்தல் கொடிக்குப் பரிகாசம்

விடுதி மெஸ்ஸில் சாம்பார் வாளியைத் திறந்ததும் ஒரு முனகல் எழுந்தால் உள்ளே கிடப்பது சௌசௌ என்று வைத்துக்கொள்ளலாம். பெங்களூர் கத்திரிக்காய் என்று கொஞ்சம் கௌரவமாகப் பேர் சொல்லிப் பார்த்தாலும் மாணவர் உலகம் அதை மதிப்பதில்லை. சப்பென்று இருக்கும், தண்ணீர்க் காய், கூட்டில் அளவைக் கூட்டப் போடுவது. இதுதான் தீர்ப்பு. அதே மாணவர் குளிக்கப் போகும்போது கையில் இருக்கும் ஷாம்பு பாட்டிலில் 'ஜோஜோபா எண்ணெய் கலந்தது' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரிக்காகப் பத்து ரூபாய் கூடவே கொடுத்திருப்பார்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு செடிகளுக்கும் பிறந்த வீடு ஒன்றுதான். சௌசௌ, மெக்சிகோவின் தெற்கிலும் குவாத்தமாலாவிலும் உள்ள ஈரமான மலைச்சரிவுகளைச் சேர்ந்த கொடி. ஜோஜோபா, மெக்சிகோவின் வடமேற்கிலும் அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியாவிலும் பரந்து கிடக்கும் சோனோரா பாலைவனத்தின் பசுமை மாறாப் புதர். (உச்சரிப்பு 'ஹோஹோபா'. அதன் அறிவியல் பெயரில் 'சைனென்சிஸ்' என்று சீனா ஒட்டிக்கொண்டிருக்கிறது. கலிபோர்னியா என்பதன் சுருக்கத்தை யாரோ சீனா என்று படித்துவிட்டதால் வந்த வினை என்கிறார்கள். இந்தச் செடியைப் பற்றிய தவறான தகவல்கள் பெயரிலேயே ஆரம்பமாகிவிட்டன!)

ஷாம்பு வாங்குகிறவர் ஏமாந்தால் பத்து ரூபாயோடு போகும். வானம் பார்த்த பூமி வைத்திருக்கும் விவசாயி ஏமாந்தால் அப்படிப் போகாது. ஜோஜோபா கன்று விற்கிறவர்கள் உலகம் முழுக்கப் பாடும் பாட்டு ஒன்றுதான்: தண்ணீர் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், ஆடு மாடு பயம் இல்லை, ஒருமுறை நட்டால் நூறு வருடம் காசு. இந்தப் பாட்டில் முதல் வரியே பொய். அதைவிட மோசம், பாதி உண்மையை வைத்துக் கட்டிய பொய்.

பாதி உண்மை எது? ஜோஜோபா சாகாது. அதன் வேர் பல மீட்டர் ஆழம் இறங்கும். இலைகள் தடித்து, மெழுகு பூசி, உச்சி வெயில் முகத்தில் அறையாதபடி செங்குத்தாக நிற்கும். வருடத்துக்கு நூறு, இருநூறு மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்திலும் பச்சையாக நிற்கும், நூறு வயதும் தாண்டும். எல்லாம் சரி. ஆனால் விவசாயிக்குச் செடி உயிரோடு இருந்தால் போதுமா? காய்க்க வேண்டாமா?

இங்கேதான் விற்கிறவர்கள் சொல்லாமல் விடும் சங்கதி இருக்கிறது. ஜோஜோபாவின் பூமொட்டு உருவானதும் மலர்ந்துவிடாது, உறங்கும். குளிர்காலத்தின் குளிரும் மண்ணில் போதிய ஈரமும் சேர்ந்து வந்தால்தான் கண் விழிக்கும். ஈரம் இல்லாத வருடம் மொட்டு உறங்கியபடியே கிடக்கும். செடியின் பக்கம் நின்று பார்த்தால் இது மகா புத்திசாலித்தனம். பஞ்ச காலத்தில் பிள்ளை பெறாமல் இருக்கிறது, அவ்வளவுதான். வறட்சியைத் தாங்கும் அந்தக் குணமேதான் வறட்சியில் விளைச்சலை நிறுத்துகிறது. காட்டு ஜோஜோபா ஒரு வருடம் கொட்டிக் கொடுப்பதும் அடுத்த வருடம் வெறுங்கையோடு நிற்பதும் இதனால்தான். குளிர் வேண்டும் என்றால் உறைபனியும் ஆகாது. பனி விழுந்தால் பூவும் இளஞ்செடியும் கருகும். குளிர்காலம் என்ற ஒன்றையே அறியாத ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ இதை நட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பார்க்க அழகான வேலி கிடைக்கும்.

அடுத்தது ஆண், பெண் விவகாரம். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதை போட்டு வளர்த்தால் ஏறக்குறைய பாதி ஆணாக முளைக்கும். மகரந்தம் காற்றில் போவதால் பத்தில் ஒரு ஆண் இருந்தாலே தாராளம். மீதி ஆண்கள் நிலத்துக்குப் பாரம். சரி, பிடுங்கிவிடலாமே என்றால் எது ஆண் என்று பூக்கும் வரை தெரியாது. பூக்க மூன்று, நான்கு வருடம். அதாவது வேலி போட்டு, களை எடுத்து, நான்கு வருடம் காத்திருந்த பிறகுதான் தோட்டத்தில் பாதி வீண் என்று தெரியவரும். முழு விளைச்சலுக்கு வர அதற்கு மேலும் பல வருடம் ஆகும்.

இது கற்பனை அல்ல, அமெரிக்காவில் நடந்து முடிந்த கதை. 1970-ல் எண்ணெய்த் திமிங்கலத்தை அழிந்துவரும் உயிரினமாக அந்த நாடு அறிவித்து அதன் எண்ணெய் இறக்குமதியை நிறுத்தியது. வாகன கியர் பெட்டி வரை அந்த எண்ணெய் பயன்பட்டுக்கொண்டிருந்தது. மாற்று தேடியபோது ஜோஜோபா கண்ணில் பட்டது. அதன் விதையில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய். வேதியியல் கணக்கில் அது எண்ணெயே அல்ல, திரவ மெழுகு. திமிங்கல எண்ணெய்க்கு நெருங்கிய உறவு. 1975-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் இதை வறண்ட நிலங்களுக்கு நம்பிக்கை தரும் புதுப்பயிர் என்று ஒரு அறிக்கையில் புகழ்ந்தது. விஞ்ஞானிகள் 'நம்பிக்கை தரும்' என்று எழுதியதைத் தரகர்கள் 'நிச்சயம் தரும்' என்று படித்தார்கள். அடுத்த பத்து வருடத்தில் கலிபோர்னியா, அரிசோனா பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நடப்பட்டது. பணம் போட்டவர்களில் பலர் மண்ணை மிதிக்காதவர்கள். வருமான வரியைக் குறைக்க ஜோஜோபா கூட்டு நிறுவனங்களில் பங்கு வாங்கியவர்கள். காட்டிலிருந்து பொறுக்கிய விதையை அப்படியே போட்டார்கள். பாதி ஆண், மீதியில் பலவும் காய்க்காத ரகம், இடையில் உறைபனி. தோட்டம் தோட்டமாகக் கைவிட்டுப் போனார்கள். அந்த வரி விலக்குச் சண்டைகள் 1990களிலும் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தன. செடி நட்டதில் உறுதியாக விளைந்தது வழக்குதான்.

"இஸ்ரேலில் ஜெயித்திருக்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜெயித்தது, எப்படி என்று பார்க்க வேண்டும். நெகேவ் பாலைவனத்தில் தேர்ந்தெடுத்த பெண் செடிகளின் பதியன்களை நட்டு, ஆண் செடிகளை அளவாக வைத்து, வரிசை வரிசையாகச் சொட்டுநீர்க் குழாய் போட்டு, உரமும் கொடுத்து வளர்த்தார்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்கே பேர்போன ஹட்சேரிம் கிப்புட்ஸ்தான் அங்கே ஜோஜோபாவுக்கும் முன்னோடி. தண்ணீரே வேண்டாத செடிக்கு எதற்கய்யா குழாய்? 1990களின் நடுவில் அதே இஸ்ரேலின் ஒத்துழைப்போடு ராஜஸ்தான் அரசு ஜோஜோபாப் பண்ணை தொடங்கியபோதும் சொட்டுநீர் உடன் வந்தது. வெற்றி பெற்ற இடத்தையெல்லாம் காட்டிக் கன்று விற்பவர், குழாயை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிடுகிறார்.

இப்போது மெஸ்ஸில் ஏளனப்பட்ட கொடிக்கு வருவோம். சௌசௌ யாரிடமும் பொய் சொல்வதில்லை. எனக்கு ஈரம் வேண்டும், மிதமான குளிர் வேண்டும், ஏறப் பந்தல் வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடும். விதையிலும் ஏமாற்ற வழியில்லை. காய்க்குள் ஒரே விதை. அது காயை விட்டு வெளியே வந்து காயக்கூட மாட்டாது, உள்ளேயே முளைத்துத் தலையை நீட்டும். முளைவிட்ட காயை அப்படியே மண்ணில் வைக்க வேண்டியதுதான். தாய்க்கொடி எப்படிக் காய்த்தது என்று பக்கத்துத் தோட்டத்தில் பார்த்துவிட்டே வாங்கலாம். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில். நட்ட நான்கைந்து மாதத்தில் காய் வரும். நன்றாகப் படர்ந்த கொடி நூறு காய் கொடுப்பது அதிசயமல்ல. தோற்றாலும் ஆறு மாதத்தில் தோல்வி தெரிந்துவிடும், அடுத்த பயிருக்குப் போகலாம். இந்த ஒரு வசதிக்கே அதைக் கும்பிட வேண்டும்.

அதில் வீண் என்பதும் குறைவு. மிசோரம், சிக்கிம் பக்கம் கொடியின் இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கிறார்கள். மெக்சிகோவில் வயதான கொடியின் கிழங்கைத் தோண்டி உருளைக்கிழங்கு போல் சாப்பிடுகிறார்கள். ரீயூனியன் தீவில் கொடித் தண்டின் நாரிலிருந்து தொப்பியே பின்னினார்கள். ஜோஜோபா எண்ணெயோ நம் குடலில் செரிக்காது. புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாம் என்றால் அதில் பசியைக் கெடுக்கும் சிம்மாண்ட்சின் என்ற பொருள் இருக்கிறது; அதை நீக்காமல் தீவனமாக்க முடியாது. அழகுசாதனக் கம்பெனி வாங்கவில்லை என்றால் ஜோஜோபா விவசாயி தலைக்குத் தேய்த்துக்கொள்ளலாம்.

கொடிக்குக் குறை இல்லையா? ஏன் இல்லை! திண்டுக்கல் மாவட்டத்தில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் சௌசௌ போடுகிறவர்களைக் கேட்டால் பட்டியலே தருவார்கள். பந்தல் போடக் கல்தூணும் கம்பியும் காசைத் தின்னும். காட்டெருமை புகுந்தால் பந்தலோடு போகும். எல்லாக் கொடியும் ஒரே நேரத்தில் காய்த்துவிட்டால் ஒட்டன்சத்திரம் சந்தையில் பறிகூலிக்கும் கட்டாத விலை. வெறும் தண்ணீர்க் காயாகையால் வைத்திருந்தும் விற்க முடியாது, முளைத்துவிடும். ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் நடுவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்தவை. யாரும் வண்ணத்தாளில் அச்சடித்து மறைப்பதில்லை.

பாலைவனத்தில் சௌசௌ போடச் சொல்கிறார்களா என்று கேட்டுவிட வேண்டாம். அங்கே அது ஒரு வாரம் தாங்காது. ஜோஜோபாவையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. திமிங்கலங்களின் உயிருக்கு மாற்றாக நின்ற செடி அது. பிரச்சினை, 'சாகாது' என்ற சொல்லை 'விளையும்' என்ற சொல்லின் விலைக்கு விற்பதில். தமிழ்நாடு இந்த வியாபாரத்தைப் பல வேஷத்தில் பார்த்திருக்கிறது. 1990களில் தேக்கு மரப் பங்கு, 2000களில் தரிசில் டீசல் விளையும் என்ற காட்டாமணக்கு, 2012-ல் வெடித்த ஈமு கோழி. ஒவ்வொன்றிலும் பராமரிப்பு இல்லை, கவலை இல்லை என்பதுதான் முதல் வாசகம்.

அடுத்து யாராவது பசுமை மாறாத புதரோடு வந்தால் விவசாயி கேட்க வேண்டியவை இவ்வளவுதான். கன்று விதையில் வந்ததா, பெண் செடியின் பதியனா? பத்து வயதான தோட்டம் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா? அந்தத் தோட்டத்தில் குழாய் ஓடுகிறதா, போன கோடையில் ஒரு செடிக்கு எத்தனை லிட்டர் போனது? விளைந்ததை வாங்குகிறவர் யார், கன்று விற்றவரேதானா?