கருவாடு நாறும், ராமென் மட்டும் மணக்குமோ?

கொஞ்ச நாளாகவே மனசைப் போட்டு அரிக்கிற விஷயம் இது. படித்துவிட்டுச் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், பரவாயில்லை.

டோக்கியோவில் நம்மவர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாய் பக்கம் வார இறுதியில் நாலு குடும்பம் சேர்ந்தால் போதும், யாராவது ஒருத்தர் "வீட்லயே பண்ண ஸீஃபுட் ராமென்" என்று கிண்ணத்தை நீட்டுவார். நன்றாகவே செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. "நிபோஷி, கட்சுவோபுஷி ரெண்டும் போட்டு ஸ்டாக் எடுத்தேன் சார், அந்த வாசனைதான் உயிரே" என்று விளக்கமும் கிடைக்கும். அதே மனிதர், ஊரிலிருந்து கிளம்பும் அம்மாவிடம் போனில் என்ன சொல்கிறார்? "தயவுசெஞ்சு கருவாடு மட்டும் கொண்டு வந்துடாதீங்கம்மா. வீடே நாறும். பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பான்?"

பக்கத்து வீட்டுக்காரன் ஒன்றும் நினைக்க மாட்டான் ஐயா. அவன் அடுக்களையிலும் அதுதான் இருக்கிறது.

நிபோஷி என்பது என்ன? நெத்திலியின் பங்காளி மீனை உப்புத் தண்ணீரில் வேகவைத்து உலர்த்தியது. கட்சுவோபுஷி? சூரை மீனை வேகவைத்து, நாள்கணக்கில் புகைபோட்டு, கட்டை மாதிரி காயவைத்துச் சீவியது. உசத்தி ரகங்களில் மேலே பூஞ்சணம் படியவிட்டு மறுபடியும் வெயிலில் போடுவார்கள். அந்தப் பூஞ்சணத்தை விட்டுவிட்டால் அது நம்ம மாசிதான். மாலத்தீவிலும் மினிக்காயிலும் அதே சூரையைத்தான் வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபன் பதூதா, மீனைத் துண்டாக்கி லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகைபோட்டு, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்பினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். இது ஒன்றும் நேற்று வந்த சரக்கில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் இடுக்கி எல்லைக்காரன். போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம். மனைவிக்கு ஊர் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை. தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் கடல் கிடையாது. ஐஸ் பெட்டி மலையேறாத காலத்தில், பச்சை மீன் மேலே வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும். எங்களுக்குக் கடல் என்றால் கருவாடுதான். கீழே போடிச் சந்தையில் வாங்கி மேலே தூக்கி வருவார்கள். மழை பிடித்துக்கொண்டு கறிகாய் வராத நாட்களில், அடுப்புக்கு மேலே தொங்கும் அந்தப் பொட்டலம்தான் சோற்றை உள்ளே இறக்கும். தமிழில் கருவாடு, மலையாளத்தில் உணக்கமீன். நெத்திலியை நெத்தோலி என்றாலும் எங்களுக்குப் புரியும்.

பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்து பெஞ்சு காலியாகும். "பாண்டி வந்துட்டான்" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? மூக்கைப் பிடித்தவன் வீட்டிலும் அன்று ராத்திரி உணக்கமீன்தான் வறுப்பார்கள். அப்போது நாறியது மீனா? இல்லை. லயத்து வீடும், அப்பாவின் கூலியும், எங்கள் தமிழும்தான் அவன் மூக்குக்கு நாறியது.

கொழிஞ்சாம்பாறைக் கதையும் கிட்டத்தட்ட இதேதான். பாலக்காட்டுத் தமிழர் சாப்பாடு என்றால் வெளிநாட்டில் எல்லோரும் அக்ரஹாரத்துச் சமையலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஓலனும் மொளகூட்டலும் அருமையான பண்டங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் சித்தூர்த் தாலுகாவில் வயலிலும் தோப்பிலும் உழைத்த தமிழர்களும் பாலக்காட்டுத் தமிழர்கள்தானே? அவர்கள் சட்டியில் கொதித்த கருவாட்டுக் குழம்பை மட்டும் ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? ஒரு பண்டம் மணக்கிறதா நாறுகிறதா என்பதை மூக்கு முடிவு செய்வதில்லை. சாப்பிடுகிறவன் யார் என்பதுதான் முடிவு செய்கிறது.

சரி, நாம் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற அந்த நூடுல்ஸ் சூப்பின் பூர்வீகம் என்ன? நாகசாகியின் சாம்போன் என்பது இறால், கணவாய், சிப்பி, முட்டைக்கோஸ் எல்லாம் போட்டுக் கொதிக்கிற நூடுல்ஸ். சீனத்து ஃபூஜியனிலிருந்து பிழைக்க வந்த சென் பிங்ஷுன் என்பவர் 1899ல் நாகசாகியில் ஷிகாய்ரோ என்ற உணவகத்தைத் தொடங்கினார். கையில் காசில்லாத சீன மாணவர்கள் வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று, கிடைத்ததைப் போட்டு ஆக்கியதுதான் இது. ராமெனும் சீனக் குடியேறிகள் கடையில் பிறந்ததுதான். ஆக, பிழைக்க வந்தவனின் பசிச் சாப்பாடு. நம்ம லயத்துக் குழம்புக்கு அண்ணன் தம்பி முறை!

இனி செய்முறை, நாலு பேருக்கு. சாம்போன் வழிதான், அங்கே பன்றி, கோழி எலும்பில் எடுக்கிற சூப்புக்குப் பதில் இங்கே கருவாடு.

30 கிராம் நெத்திலிக் கருவாட்டைத் தலையும் குடலும் கிள்ளிவிட்டு (இல்லாவிட்டால் கசக்கும்) வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள். 20 கிராம் மாசியை இடித்துச் சேர்த்து, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் ராத்திரியே ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் இறால் ஓட்டை எண்ணெயில் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு தட்டிப்போட்டு, இரண்டு தக்காளி சேர்த்து, ஊறவைத்த தண்ணீரை அப்படியே ஊற்றிச் சின்னத் தீயில் பத்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். அகலச் சட்டியில் இறால், கணவாய், முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு போட்டுப் பெரிய தீயில் இரண்டே நிமிடம் புரட்டி எடுத்துவிடுங்கள். மேலே போனால் கணவாய் ரப்பர்தான். அதே சட்டியில் சூப்பை ஊற்றி, நூடுல்ஸை அதிலேயே வேகவிட்டு, புரட்டியதை மேலே போட்டு, மிளகு தூவி இறக்குங்கள். சோயா சாஸை ருசி பார்த்த பிறகு ஊற்றுங்கள், கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. ராமென் நூடுல்ஸ் கிடைக்காத ஊரா? மெல்லிய ஸ்பகெட்டியை, லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா போட்ட தண்ணீரில் தனியாக வேகவைத்து அலசிச் சேருங்கள். கிட்டத்தட்ட அந்தப் பதம் வந்துவிடும்.

தக்காளி எதற்கு என்று கேட்பீர்கள். 1908ல் இகேடா கிகுனாயே கொம்பு என்கிற கடல்பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913ல் அவருடைய மாணவர் கொடாமா, கட்சுவோபுஷியின் ருசி இனோசினேட்டில் இருக்கிறது என்று கண்டார். இரண்டும் சேர்ந்தால் ருசி பல மடங்காகும். தக்காளியில் குளூட்டமேட், கருவாட்டில் இனோசினேட். என் அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. கருவாட்டுக் குழம்பில் தக்காளி போடத் தெரியும்.

"அபார்ட்மெண்ட்டில் வாசனை பரவுமே" என்பவர்களுக்கு: பரவுவது கருவாட்டை வறுக்கும்போதும் சுடும்போதும்தான். ஊறவைத்துச் சின்னத் தீயில் வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. "உப்பு, பிரஷர்" என்பவர்கள் சொல்வது நியாயம். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. ஆனால் ஒரு கிண்ணம் ராமென் சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தால் அந்த 5 கிராம் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. பிரஷர் இருப்பவர்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுச் சூப்பைப் பாதியில் வைத்துவிடுங்கள். எந்த மீனில் எடுத்த சூப்பானாலும் சரி.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். பாட்டி கருவாடு கொண்டுவந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு முகம் சுளிக்காதீர்கள். பிள்ளைகள் அந்தச் சுளிப்பைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். மீனோடு சேர்த்துப் பாட்டியையும் ஒதுக்கப் பழகிவிடுவார்கள். இந்த சூப்பைக் குடித்துவிட்டு "இதுல என்னப்பா போட்ட?" என்று கேட்டால், நிபோஷி என்று சமாளிக்காதீர்கள்.

கருவாடு என்று சொல்லுங்கள். சத்தமாகவே சொல்லுங்கள்.

பி.கு.: லண்டன், டொராண்டோ மக்கள் மாசிக்கு அலைய வேண்டாம். ஈழத்தமிழர் மளிகைக் கடைகளில் கேளுங்கள், கிடைக்கும். சம்பலுக்கு அவர்கள் அதை ஒருநாளும் கைவிட்டதில்லை.